இரண்டு கசிவுகள்

தண்ணீர் வாரியத்தில் எல்லாரும் அவரைக் காது என்றுதான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார். தெருவுக்கடியில் ஓடும் குழாய் எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அதற்கென்று ஒரு இரும்புக் கம்பி வைத்திருந்தார். நெஞ்சுயரம் இருக்கும். ஒரு முனை கூர், மறு முனையில் உள்ளே குடைந்த மரக் குமிழ். கூர்முனையைத் தரையில் ஊன்றி, குமிழில் காதைப் பொருத்திக் கண்ணை மூடிக்கொள்வார். சற்று நேரம் கழித்து, சாக்பீஸால் தார்ச்சாலையில் ஒரு பெருக்கல் குறி போடுவார். அங்கே தோண்டினால் ஈரம் இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அது பொய்த்ததில்லை.

தோண்டுகிறவர் அவருடைய மனைவியின் தம்பி. அவருக்குக் கடப்பாரை என்று பேர். ஆளும் அதே உயரம், அதே நிறம். மாமா குறி போட்ட இடத்தில் ஒரு கேள்வி கேட்காமல் இறங்கித் தோண்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அச்சகத் தெருவில் முதன்முதலாகப் பிசகியது. காது குறி போட்டார். கடப்பாரை நாலடி தோண்டினார். குழாய் பளிச்சென்று உலர்ந்து கிடந்தது. சுற்றியிருந்த மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"என்ன மாமா, பாலைவனமா இருக்கு?"

"நல்லாக் கேட்டுச்சுடா. ஷ்ஷுன்னு, பிசிறில்லாம."

"வயசாயிடுச்சு, ஒத்துக்கோங்க."

இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மறுபடி குறி போட்டார். அங்கேயும் மண் காய்ந்திருந்தது. கடப்பாரை இந்த முறை கேலி செய்யவில்லை. குழியை மூடிவிட்டு மண்வெட்டியின் மேல் கையூன்றி மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது இடம் ஒரு நாற்சந்தி. காது கம்பியை ஊன்றினார். அதே சத்தம் வந்தது. ஈரமும் அழுத்தமும் கலந்து, விட்டுவிட்டு வரும் ஒரு சீறல். விட்டுவிட்டு என்பதுதான் அவரை உறுத்தியது. குழாய்க் கசிவு விட்டுவிட்டுச் சீறாது. அது இடைவிடாமல் ஒரே மாதிரி ஓடும். காதை எடுக்காமலே கம்பியின் கூர்முனையைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கினார்.

சத்தம் நிற்கவில்லை.

சில மாதங்களாக முதுகுவலி என்று கம்பியை உடம்போடு சாய்த்துப் பிடிக்கிற பழக்கம் வந்திருந்தது. கம்பியின் நடுப்பகுதி அவருடைய வலது விலாவுக்குக் கீழே அழுந்தியிருந்தது. அவர் மெல்லக் கம்பியை விலக்கினார். சத்தம் போனது. மறுபடி விலாவில் வைத்தார். சத்தம் வந்தது.

"இன்னைக்குப் போதும்" என்றார். கடப்பாரை காரணம் கேட்பதற்குள் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பதினெட்டுப் பிள்ளைகளின் கூச்சலில் பல வருஷம் ஓட்டி ஓட்டி அவருடைய செவி மரத்துப்போயிருந்தது. வீட்டுக்கு ஒரு காது போதாதா என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அன்று மதியம் வீடு திரும்பிய கணவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து, கம்பியைத் தன் வயிற்றின் மேல் தானே நிறுத்திக்கொண்டதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"என்னங்க இது கூத்து?"

"வந்து கேளு."

"எனக்கு ஹார்னே கேக்காது. இது கேக்கப் போகுதாக்கும்."

"கேளேன்."

குனிந்து குமிழில் காதை வைத்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வயிறு உருளும் சத்தம், அப்புறம் மூச்சு. கணவர் மூச்சை அடக்கினார். அந்த அமைதிக்குள்ளிருந்து அது எழுந்து வந்தது. ஷ்ஷ். ஷ்ஷ். ஷ்ஷ். ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ யாரையோ பேசாதே என்று அதட்டிக்கொண்டே இருப்பதைப் போல. மனைவி கம்பியைத் தட்டிவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

"ரெண்டு இருக்கு. கவனிச்சியா?" என்றார் கணவர், படுத்தபடியே. "மேல ஒண்ணு. கீழ, கொஞ்சம் பின்னாடி, இன்னொண்ணு. சுருதி வேற."

மறுநாள் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த வாரக் கடைசிக்குள் ஸ்கேன் எடுத்தாயிற்று. கல்லீரலின் வலது பின்பக்கத்தில் எட்டு சென்டிமீட்டரில் ஒரு கட்டி. அதற்கு நேர் பின்னால், வலது சிறுநீரகத்தின் உச்சியில் ஐந்து சென்டிமீட்டரில் இன்னொரு கட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி கூட இல்லை.

படத்தைப் பார்த்த முதல் டாக்டர் இளகிய மனசுக்காரர். நேரே முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு இடத்துல ஆரம்பிச்சு இன்னொரு இடத்துக்குப் பரவியிருக்குன்னு தோணுது. அப்படின்னா ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. மருந்துதான்."

"பரவலைங்க" என்றார் காது. "ரெண்டும் தனித்தனி."

"அது எப்படிச் சொல்றீங்க?"

"ஒரே குழாய் ரெண்டு இடத்துல கசிஞ்சா சத்தம் ஒரே சாதியா இருக்கும். இது அப்படி இல்ல. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரி இருக்கு."

டாக்டர் அவருடைய மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். கூட வந்திருந்த கடப்பாரை மட்டும், "மாமா சொன்னாச் சரியா இருக்குங்க" என்றார். அந்த இரண்டு காய்ந்த குழிகளும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், உடனே வாயை மூடிக்கொண்டார்.

ஊசி போட்டு இரண்டு கட்டியிலிருந்தும் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. கல்லீரலில் இருந்தது கல்லீரலிலேயே பிறந்தது, எப்போதோ வந்து போன மஞ்சள்காமாலைக் கிருமி விட்டுச்சென்ற வினை. சிறுநீரகத்தில் இருந்தது சிறுநீரகத்திலேயே பிறந்தது. இரண்டு புற்றுநோய்கள். ஒரே காலத்தில், ஒரே உடம்பில், ஒன்றை ஒன்று அறியாமல் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தன.

அறுவைசிகிச்சை செய்யும் கல்லீரல் டாக்டர் அவர்களைத் தன் அறைக்கு அழைத்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"ரெண்டும் வேற வேறன்னு முன்னாடியே சொன்னீங்களாமே?"

"கேட்டுச்சுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. கட்டிலில் படுக்கச் சொல்லி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "ரத்த ஓட்டம் ரொம்ப அதிகமா உள்ள கட்டியில ஒரு இரைச்சல் வரும்னு படிச்சிருக்கேன். முப்பது வருஷத்துல நாலு தடவை கேட்டிருப்பேன்." சற்று நேரம் கேட்டார். "ஆமா. இருக்கு."

"அது மேல உள்ளது. ரெண்டு விரல் கீழ இறக்குங்க. இன்னும் பக்கவாட்டுல. இப்ப நான் மூச்சை நிறுத்துறேன்."

டாக்டரின் கை நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. அப்படியே ஒரு நிமிஷம் இருந்தது. அவர் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டபோது அவருடைய முகம் வெளிறியிருந்ததை மனைவி கவனித்தார்.

பிறகு காரியத்தைப் பேசினார்கள். சிறுநீரக டாக்டரும் வந்து உட்கார்ந்தார். இரண்டையும் ஒரே நாளில் எடுப்பதா, ஒன்றை முதலில் எடுத்து ஆறு வாரம் கழித்து மற்றதா? தள்ளிப்போட்டால் விட்டுவைத்தது வளரும், ஒரே இடத்தை இரண்டு தடவை திறக்க வேண்டும். ஒரே நாளில் செய்தால் விலாவுக்குக் கீழே ஒரே கீறல் போதும். கல்லீரலைத் தூக்கினால் சிறுநீரகம் அடியிலேயே இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல்.

"கல்லீரலை வெட்டும்போது உடம்புல தண்ணி குறைவா இருக்கணும்" என்றார் கல்லீரல் டாக்டர். "ரத்தக்குழாய் தளர்ந்து கிடந்தாத்தான் ரத்தம் கொட்டாது. ஆனா ஒரு சிறுநீரகத்தை எடுத்துட்டா மீதி இருக்கிற ஒண்ணுக்குத் தண்ணி தாராளமா வேணும். காயப்போட்டா அது படுத்துடும்."

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே வால்வு" என்றார் காது.

"அதேதான். முதல்ல கல்லீரல், உடம்பைக் காயவெச்சு. அப்புறம் உடனே தண்ணியைத் திறந்துவிட்டுச் சிறுநீரகம். கல்லீரலுக்குப் போற ரத்தத்தைப் பதினஞ்சு நிமிஷம் அடைச்சு வெப்போம். அஞ்சு நிமிஷம் திறப்போம். மூணு தடவை போதும்னு நினைக்கிறேன்."

"தாங்குவாரா?" என்றார் மனைவி.

சிறுநீரக டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "நூத்துல தொண்ணூறு பேர் தாங்குவாங்க. அந்தப் பத்துல இவர் இருக்க மாட்டார்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் காது ஒன்றுதான் சொன்னார். "அன்னைக்குக் கம்பியையும் எடுத்துக்கிட்டு வா. வீட்டுல விட்டுட்டுப் போனா எவனாவது அதுல துணி காயப்போட்டுடுவான்."

அறுவைசிகிச்சை நாளன்று வாசல் காவலாளி கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "என்ன இது, ஈட்டியா?"

"காது மெஷினுங்க" என்றார் கடப்பாரை. "என் அக்காவுக்குக் கொஞ்சம் கேக்காது."

எட்டரைக்குக் காதை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அக்காவும் தம்பியும் மூன்றாம் மாடிக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சுவர், ஒரு வட்டக் கடிகாரம், வரிசையாக நாற்காலிகள். அக்கா உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து கூரை வரை ஒரு குழாய் போனது. மேல் மாடியில்தான் ஆபரேஷன் தியேட்டர். பதினொரு மணி வரை அவர் எதுவும் செய்யவில்லை. அதற்கப்புறம் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. கம்பியின் முனையைக் குழாயில் முட்டுக்கொடுத்துக் குமிழில் காதை வைத்தார்.

மோட்டார் முனகியது. எங்கோ யாரோ கைகழுவினார்கள். தன் கணவர் செய்வதைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சத்தங்களுக்கு அடியில் அது இருந்தது. ஷ்ஷ். ஷ்ஷ். அந்த மதியம் கூடத்தில் கேட்ட அதே சத்தம். அதே நடை.

காதை எடுத்துவிடலாம் என்று நினைத்தார். எடுத்தால் அது நின்றுவிடுமோ என்ற பயத்தில் எடுக்கவில்லை.

திடீரென நின்றது.

"மணி என்னடா?"

"பதினொண்ணு இருபது. ஏங்கா?"

"எழுதிக்கோ."

கடப்பாரை பார்வையாளர் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். பதினொன்று முப்பத்தைந்துக்குச் சத்தம் திரும்பி வந்தது. நாற்பதுக்கு நின்றது. ஐம்பத்தைந்துக்கு வந்தது. பன்னிரண்டுக்கு நின்று, பன்னிரண்டே காலுக்கு வந்தது. அக்கா சொல்லச் சொல்லத் தம்பி எழுதினார்.

"மூணு முடிஞ்சுதுக்கா. டாக்டரம்மா மூணுன்னுதானே சொன்னாங்க. காதை எடுத்துடு."

அவர் எடுக்கவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்குச் சத்தம் மறுபடி நின்றது. அடைத்தது போல இல்லை, அறுந்ததைப் போல. பதினைந்து நிமிஷம் போயிற்று. சத்தம் வரவில்லை. எதிர் நாற்காலியில் இருந்த ஒரு குடும்பம் தங்களுக்குள் கிசுகிசுத்தது. கடிகாரத்தின் பெரிய முள் ஒவ்வொரு கோடாகத் தாண்டியது. அவர் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தார். தன்னையறியாமல் குழாயைக் கட்டிப் பிடித்திருந்தார். "வாங்க" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வந்துடுங்க. வந்துடுங்க."

ஒன்று பன்னிரண்டுக்கு வந்தது. மெலிந்து, தயங்கி, ஆனால் வந்தது. அவர் கம்பியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் வாந்தியெடுத்தார்.

நாலு மணிக்குக் கல்லீரல் டாக்டர் வெளியே வந்தார். தொப்பியின் தடம் நெற்றியில் சிவந்திருந்தது. "ரெண்டையும் எடுத்தாச்சு. நல்லபடியா இருக்கார். நடுவுல வெட்டின இடத்துல ஒரு ரத்தக்குழாய் விட்டுக்கொடுத்துடுச்சு. நாலாவது தடவையும் அடைக்க வேண்டியதாப் போச்சு."

"பன்னெண்டு அம்பதுக்கா?" என்றார் கடப்பாரை.

டாக்டர் அவரைப் பார்த்தார். கடப்பாரை சீட்டை நீட்டினார். டாக்டர் அதை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி படித்தார்.

"உள்ளேருந்து யார் உங்களுக்குப் போன் பண்ணினது?"

"யாரும் பண்ணலைங்க."

"இருபத்திரண்டு நிமிஷம்னு எனக்கே அப்புறம் சார்ட்டைப் பார்த்துத்தான் தெரியும்" என்றார் டாக்டர், யாருக்கோ சொல்வதைப் போல. அந்தச் சீட்டைத் திருப்பித் தராமல் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு மாதிரி காத்திருப்பு. மிஞ்சியிருந்த இடது சிறுநீரகம் மடங்கிப் படுத்துவிட்டது. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையில் அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் நிறம். மனைவி அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காது கண் திறந்து ஒரு தடவை, "என்ன, சப்ளை நின்னுடுச்சா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார். மூன்றாம் நாள் காலை நர்ஸ், "அம்மா, இங்க பாருங்க" என்று கூப்பிட்டார். குழாயில் சொட்டு சொட்டாக வந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் பை பாதி நிறைந்தது. அதைப் பார்த்து அழுத முதல் பெண் தானாகத்தான் இருக்கும் என்று அவர் தம்பியிடம் சொன்னார்.

வெட்டி எடுத்தவற்றின் ஓரங்கள் சுத்தமாக இருந்தன. பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. கடப்பாரையின் வாய் வால்வில்லாத குழாய். மாடி வீட்டுக்காரர் வந்தார், வேன் பிள்ளைகளின் தாய்மார்கள் வந்தார்கள். "எதுக்கும் ஒரு தடவை வெச்சுப் பாருங்களேன்." காது எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். "நான் தண்ணி டிபார்ட்மெண்ட்டுங்க. ரோட்டுல ஏதாவது கசிஞ்சாச் சொல்லுங்க, வர்றேன்." மனைவியை யாரும் கேட்கவில்லை. காத்திருப்புக் கூடத்தில் குழாயில் காது வைத்துக் கேட்டது அவர் என்பது தம்பிக்கும் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். எல்லாக் கதையிலும் கேட்டவர் காதுதான்.

அவர் நாலு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே சரியாகக் குறி போட்டார். கடப்பாரையின் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியது. அன்று இருவரும் தெருவென்றும் பாராமல் சிரித்தார்கள்.

மனைவிக்குத்தான் பழைய மந்தச் செவி திரும்பவில்லை. மரத்துப்போயிருந்தது திறந்துகொண்டது. வேனில் பதினெட்டுப் பிள்ளைகளும் தனித்தனியாகக் கேட்டார்கள். கணவர் பக்கத்தில் படுத்தால் தலையணைக்குள் அவருடைய நெஞ்சடிப்பு வந்தது. ஆறாவது மாத ஸ்கேனுக்கு இரண்டு நாள் முன்பு, மதியம் அவர் கூடத்தில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, மனைவி கம்பியை எடுக்காமலே குனிந்து வெறும் காதை அவருடைய வயிற்றில் வைத்தார்.

ஷ்ஷ்.

மிக மெல்லியது. நூலிழை.

ஸ்கேன் முடிவு சுத்தம் என்று வந்தது. டாக்டர் சந்தோஷமாகக் கைகொடுத்தார். மனைவி எழுந்திருக்கவில்லை.

"இல்லங்க டாக்டர். ஒண்ணு இருக்கு."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காது தன் கம்பியை வைத்துத் தானே கேட்டார். இருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. "எனக்கே கேக்கலையே" என்றார் காது, கொஞ்சம் மனத்தாங்கலோடு. டாக்டர் மேசையில் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு வேறு வகை ஸ்கேன் ஒன்றுக்கு எழுதிக்கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.

கல்லீரலின் வெட்டிய ஓரத்துக்கு அந்தப்பக்கம், ஒன்பது மில்லிமீட்டரில் ஒரு புள்ளி இருந்தது. தோல் வழியாக ஊசி விட்டு அதைச் சுட்டுப் பொசுக்கினார்கள். ஒரே மதியத்தில் முடிந்தது. கத்தியில்லை, கீறலில்லை. காது மறுநாளே நடந்தார். அதற்குப் பிறகு வந்த ஸ்கேன்கள் எல்லாம் சுத்தம். மனைவியின் காதிலும் எதுவும் இல்லை. மூன்று வருஷமாகிறது.

அந்த ஊசிக்குப் பிறகு முதல் தடவை கல்லீரல் டாக்டரைப் பார்க்கப் போனபோது கணவர் ரத்தப் பரிசோதனைக்குக் கீழே போயிருந்தார். அறையில் டாக்டரும் மனைவியும் மட்டும்.

"அவ்வளவு சின்னது சத்தம் போடாது" என்றார் டாக்டர். "ஓட்டமே கிடையாது அதுல. நான் படிச்ச படிப்புல அதுக்கு இடமில்ல."

"அப்ப நான் கேட்டது என்னங்க?"

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒட்ட வெட்டிய நகங்களுக்குப் பொத்தான் பிடிபடவில்லை. சோதனைக் கட்டிலில் தானே ஏறிப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"என் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வந்தது" என்றார். "நான் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக்கறேன். சுத்தம்னுதான் வருது. ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்."

கணவரைத் தவிர இன்னொருவர் உடம்பில் காதை வைக்கக் கூடாது என்று மனைவி என்றோ முடிவு செய்திருந்தார். ஆனாலும் குனிந்தார்.

டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மனைவி வலது பக்கம் கேட்டார், இடது பக்கம் கேட்டார், நடுவில் கேட்டார். அவசரப்படவில்லை.

"ஒண்ணும் இல்லங்க டாக்டர்" என்றார். அது உண்மை.

டாக்டர் அப்போதுதான் மூச்சை விட்டார். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார். வெளியே காது யாரோடோ பேசிச் சிரித்தபடி படியேறி வருவது கேட்டது.